நெருப்புக் காய்ச்சற் கிருமியின் மதில் முற்றுகை

மதிலை வளைத்துப் போர் செய்தலை உழிஞை என்றும், அம்மதிலைக் காத்து நிற்றலை நொச்சி என்றும் புறப்பொருள் வெண்பாமாலை வகுத்துரைக்கின்றது. கண்ணுக்குப் புலனாகாத உழிஞைப் போரொன்று மாந்தர் குடலினுள்ளும் நிகழ்வதுண்டு. நெருப்புக் காய்ச்சலை விளைக்கும் சல்மனெல்லா தைபி என்னும் பற்றீரியா தொடுக்கும் போர் அது. அதன் முறையினை இம்மலர் வாயிலாக விளக்க விழைகின்றோம்.

அசுத்த நீரோடும் உணவோடும் புகும் கிருமிகளுள், இரைப்பையின் அமிலத்திற்குத் தப்பியவை சிறுகுடலை அடைகின்றன. குடற்சுவரின் பெரும்பாலான கலங்கள் கிருமிகளை விழுங்கும் இயல்பின அல்ல. ஆதலின் மதிலை இடித்தே பகைவன் புகுவான் என நாம் எண்ணக்கூடும். கிருமியோ காவலனைக் கொண்டே கதவைத் திறப்பிக்கின்றது.

அதன் மேனியில் ஊசியை ஒத்த நுண்கருவிகள் பல உள. வெளியே நீட்டி நிற்கும் ஊசியின் நீளம் ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. 1998ஆம் ஆண்டில் ஹோர்கே கலான் முதலிய ஆய்வாளர் இக்கருவியைப் பிரித்தெடுத்து, இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் கண்டனர். ஊசிமுனை கலத்தைத் தொட்டதும், அதன் வழியே கிருமியின் புரதங்கள் உள்ளே செலுத்தப்படுகின்றன. அவற்றுள் சொப்-ஈ என்பது, கலத்தின் உட்சட்டத்தை அசைக்கும் ஆளியை இயக்குகின்றது. உடனே கலமென்சவ்வு அலைபோல் எழுந்து, கிருமியைச் சூழ்ந்து உள்ளிழுத்துக் கொள்கின்றது. பின்னர் எஸ்.பி.ரி.பி என்னும் வேறொரு புரதம் அதே ஆளியை அணைக்கின்றது. கலம் முன்னைய உருவை அடைகின்றது. கள்வன் உட்புகுந்து கதவைச் சாத்திக்கொள்வதை இஃது ஒக்கும்.

உட்புகுந்த கிருமி சிறு பையொன்றினுள் அடைபட்டிருக்கும். ஆங்கு இரண்டாவது ஊசிக்கருவி வேறு புரதங்களைச் செலுத்தி, அழிக்கப்படவேண்டிய இடத்தையே வாழிடமாக மாற்றுகின்றது. இவ்விவரங்கள் பெரும்பாலும் தைபிமூரியம் என்னும் உறவினக் கிருமியிற் கண்டறியப்பட்டவை. எனினும் இருவகைக் கருவிகளும் தைபியிடத்தும் உள. தைபி, வெண்குழியங்களினுள் ஒளிந்து ஈரல், மண்ணீரல், என்பு மச்சை ஆகியவற்றைச் சென்றடைகின்றது. காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங் கழித்தே தோன்றுவதற்குக் காரணம் இம்மறைவுப் பயணமே.

இனி நம் கரையை நோக்குவோம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, பாண்டிருப்பு முதலிய ஊர்கள் மணற்றரையில் அமைந்தவை. நிலத்தடி நீர் மேலாகவே கிடக்கின்றது. கிணறும் மலக்குழியும் ஒரே வளவில் அமைந்த மனைகள் பல. 2004ஆம் ஆண்டு மார்கழி 26இல் வந்த கடற்கோளின்போது கிணறுகளில் உப்பு நீரும் கழிவும் கலந்தமையை நாம் மறவோம். மருந்து உண்டென்று வாளாவிருத்தலும் தகாது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் பரவிய தைபி வகையொன்று, வழக்கமான மருந்துகள் பலவற்றிற்கும் அடங்காததாயிற்று.

எனவே நொச்சிப் போர் நம்முடையது. ஐதராபாத்தில் ஆக்கப்பட்ட இணைப்புத் தடுப்பூசியொன்றை 2017இல் உலக சுகாதார தாபனம் தகுதியுடையதென ஏற்றது. அதுவும் ஓர் அரணே. ஆயினும் முதல் அரண் அடுக்களையிலும் கிணற்றடியிலும் உள்ளது. ஊசி கலத்தைத் தொடுமுன்னரே கிருமி மடிதல் வேண்டும். நீரைக் கொதிக்கவைத்துப் பருகுதல், மலங்கழித்த பின்னும் உண்ணுமுன்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல், மலக்குழியைக் கிணற்றுக்குச் சேய்மையில் அமைத்தல் ஆகிய மூன்றும் எவர்க்கும் இயலக்கூடியன. இவற்றை மாணவர் தத்தம் இல்லங்களிற் கைக்கொள்வாராயின், கற்ற கல்வி ஊருக்குப் பயன்பட்டதாகும்.