இளமையும் போதையும்

பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் போதைப்பொருளைத் தொட்டான் என்று கேள்விப்பட்டால், "கெட்ட பிள்ளை" என்று கூறிவிட்டு நாம் அப்பால் சென்றுவிடுகிறோம். பழித்துவிட்டால் காரணம் விளங்கிவிடுமா? நோயின் காரணத்தை நாடாமல் மருந்தைத் தேடுவது வீண் அன்றோ?

காரணங்கள் பல. நண்பர் கூட்டத்தில் தனித்து நிற்க அஞ்சித் தொடுவோர் சிலர். புதியது எதையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்னும் ஆவலால் தொடுவோர் சிலர். வீட்டில் ஓயாத பூசல், தேர்வில் தோல்வி, வெளியே சொல்ல இயலாத மனச்சோர்வு ஆகியவற்றை மறக்கத் தொடுவோரும் உளர். இவற்றுள் எதுவும் பிறவிக் குற்றம் அன்று.

இளம் பருவத்தின் இயல்பும் இதற்குத் துணைசெய்கிறது. மனித மூளை முழு முதிர்ச்சி பெற ஏறக்குறைய 25 ஆண்டுகள் ஆகின்றன. இன்பத்தை நாடும் பகுதிகள் முந்திக்கொள்கின்றன. பின்விளைவை எண்ணித் தடுக்கும் முன்பகுதி பிந்தியே முதிர்கிறது. குதிரை ஓடத் தொடங்கிவிட்டது. கடிவாளமோ இன்னும் வந்து சேரவில்லை.

விளையாட்டில் வெற்றி பெறும்போதும், நல்ல இசையைக் கேட்கும்போதும் மூளையில் டோபமின் என்னும் பொருள் சுரக்கிறது. போதைப்பொருள் இச்சுரப்பை அளவு கடந்து பெருக்குகிறது. அடிக்கடி இவ்வாறு நேர்ந்தால் மூளை தன் உணர்ச்சியை மழுக்கிக்கொள்கிறது. பிறகு பழைய அளவு போதுவதில்லை. விளையாட்டும் இசையும் சுவைப்பதில்லை. இன்பத்துக்காகத் தொட்டவன், தொடாவிட்டால் வரும் துன்பத்துக்கு அஞ்சித் தொடுகிறான். வளரும் மூளையில் இப்பழக்கம் எளிதில் வேரூன்றுகிறது.

தொட்டவர் எல்லாரும் அடிமையாவதில்லை என்பது உண்மையே. ஆனால், யார் அடிமையாவார் என்பதை முன்கூட்டி அறிய வழி இல்லை. பசை, கரைப்பான் முதலியவற்றின் ஆவியை முகர்தல் முதல் முறையிலேயே இதயத்தை நிறுத்திவிடவும் கூடும். 2019-இல் வெளியான இந்திய அரசின் கணக்கெடுப்பில், இவ்வாறு முகர்வோர் பெரியவர்களிடையே நூற்றுக்கு 0.58 ஆகவும், 10 முதல் 17 வயதினரிடையே 1.17 ஆகவும் இருந்தனர்.

இதனை மாற்ற இயலுமா? ஐஸ்லாந்து நாட்டைப் பாருங்கள். அங்கு 15, 16 வயதினருள் முந்திய ஒரு மாதத்தில் குடித்து வெறித்தவர் 1998-இல் நூற்றுக்கு 42 பேர்; 2016-இல் 5 பேரே. கஞ்சாவைப் புகைத்துப் பார்த்தவர் 17-இலிருந்து 7 ஆகக் குறைந்தனர். அந்நாட்டார் அறிவுரையோடு நின்றுவிடவில்லை. விளையாட்டுக்கும் இசைக்கும் கலைக்கும் பொதுப்பணம் தந்தனர். பெற்றோர் பிள்ளைகளோடு கூடுதல் நேரம் கழிக்குமாறு ஊக்கினர். சிறுவர் இரவில் வெளியே திரிவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தினர். வெற்றிடத்தை நல்லது நிரப்பியது. தீயதற்கு இடம் குறைந்தது.

மாணவ நண்பர்களே, உங்கள் தோழன் ஒருவன் இவ்வழியில் சென்றால் என்ன செய்வீர்கள்? அவனை ஒதுக்குவது அவனை அதே கூட்டத்திடம் ஒப்படைப்பதாகும். மறைத்துக் காப்பதும் நட்பன்று. நம்பத்தக்க ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள். 14446 என்னும் கட்டணமில்லாத தொலைபேசி எண்ணிலும் வழிகாட்டுவர். காட்டிக்கொடுத்தான் என்று அவன் இன்று சினந்தாலும், மீண்டு வந்தபின் அதனையே நட்பு என்று உணர்வான்.