வெள்ளைப் புள்ளிக்குள் ஒரு கறுப்புக் கோடு

மூளை ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகள் இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறதாம். இது மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ்தானா என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. புள்ளியை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒற்றைத் தலைவலி, ரத்தக் கொதிப்பு, ஏன், வெறும் வயதுகூட எம்.ஆர்.ஐ.யில் இதே போன்ற புள்ளிகளைக் காட்டும். செயற்கை நுண்ணறிவு நொடியில் புள்ளிகளை எண்ணித் தருகிறது என்று செய்திகள் வருகின்றன. எண்ணட்டும், எந்தப் புள்ளி எந்த நோயுடையது என்பதல்லவா கேள்வி?

விடை புள்ளியின் நடுவிலேயே இருக்கிறது. மல்டிபிள் ஸ்க்லிரோசிஸில் நோய் எதிர்ப்பு அணுக்கள் சிறு சிரைகளிலிருந்து வெளியேறி, சுற்றியுள்ள நரம்புகளின் மயலின் உறையை அரிக்கின்றன. அதனால், ஸ்கேனில் புள்ளியாகத் தெரியும் புண்ணின் மையத்தில் பெரும்பாலும் ஒரு சிரை ஓடும். 1863-லேயே நோயியலாளர் ரிண்ட்ஃபிளைஷ் இதைப் பிணப் பரிசோதனையில் கண்டு எழுதிவிட்டார். வரலாறு இவ்வளவு போதும்.

உயிரோடிருப்பவரின் மூளையில் மயிரிழைச் சிரையை எப்படிப் பார்ப்பது? அங்கேதான் இயற்பியல் அழகு காட்டுகிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைக் காந்தம் ஈர்ப்பதில்லை. ஆக்சிஜனை இறக்கிவைத்ததும் அதன் இரும்பில் எலெக்ட்ரான்கள் ஜோடியின்றி நிற்க, அதுவே குட்டிக் காந்தமாகிவிடுகிறது. சிரையில் ஓடுவது அப்படி ஆக்சிஜனை இறக்கிவைத்த ரத்தம். அது ஸ்கேனரின் காந்தப்புலத்தைத் தன்னருகே கோணலாக்க, பக்கத்து நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் தாளம் பிசகி, சமிக்ஞை அடங்குகிறது. படத்தில் கறுப்புக் கோடு! கோணல் சிரைக்கு வெளியிலும் பரவுவதால், கோடு சிரையைவிடத் தடித்துத் தெரியும். நம் கண்ணுக்கு அது எட்டுவதே அதனால்தான்.

கோதுமை மணியின் நடுக்கீறலை நினைத்துக்கொள்ளுங்கள். முறத்தில் கல்லையும் மணியையும் பிரிக்க அந்தக் கீறல் போதும். ஆனால் மணி குப்புறக் கிடந்தால் கீறல் மறைந்துவிடும். புரட்டிப் பார்க்க வேண்டும். சிரையும் அப்படித்தான்: ஒரு கோணத்தில் கோடு, குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெறும் புள்ளி. உடைந்த நொய்யில் கீறலைத் தேடுவது வீண். மிகச் சிறிய புண்களையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்நோயைக் கண்டறிய மருத்துவர்கள் பின்பற்றும் மெக்டொனால்டு விதிகளின் 2025-ல் வெளியான திருத்தங்கள் இந்தச் சிரை அடையாளத்தைச் சான்றாக ஏற்றுள்ளன. ஆறு புண்களில் தெரிந்தால் சான்றாகக் கொள்ளப் போதும். ஆனால் இதற்கென உள்ள, காந்தக் கோணலை உணரும் படவரிசையை எடுத்திருக்க வேண்டும். வழக்கமான ஸ்கேனில் அது விடுபட்டுப்போவது உண்டு. எடுக்காத படத்தில் எந்த மென்பொருள் என்ன தேடும்? வாசகி தம் நரம்பியல் மருத்துவரிடம் முதலில் இதைக் கேட்கலாம்: அந்த வரிசை எடுக்கப்பட்டதா, புள்ளிகளுக்குள் சிரை தெரிகிறதா?