லினக்சு கெர்னலில் ரஸ்ட் மொழி

லினக்சு கெர்னல் என்பது வன்பொருளுக்கும் பிற மென்பொருள்களுக்கும் இடையில் இயங்கும் இயக்குதளத்தின் உட்பகுதி ஆகும். 1991 இல் லினசு டோர்வால்டுசு தொடங்கிய இது பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. இதில் நேரும் ஒரு நினைவகப் பிழை கணினி முழுவதையும் முடக்கலாம். இத்தகைய பிழைகள் பலவற்றை ரஸ்ட் மொழியின் தொகுப்பி முன்கூட்டியே தடுக்கிறது. ரஸ்ட் ஆதரவு 2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

சி தலைப்புக் கோப்புகளைப் படித்து, கெர்னல் செயற்கூறுகளை ரஸ்ட்டில் அழைப்பதற்கான அறிவிப்புகளை பைண்ட்ஜென் என்னும் கருவி உருவாக்குகிறது. இவ்வழைப்புகளைத் தொகுப்பியால் சரிபார்க்க இயலாது. எனவே அவை 'அன்சேஃப்' எனக் குறிக்கப்பட்டு, பாதுகாப்பான உறைக்குள் வைக்கப்படுகின்றன. சாதன இயக்கி எழுதுவோர் பொதுவாக அவ்வுறையையே பயன்படுத்துவர்.

உறையிலேயே பிழை இருந்தால் பாதுகாப்பு குலையும். மேலும், சி செயற்கூறு மாறினால் உறையும் திருத்தப்பட வேண்டும். அத்திருத்தம் யாருடைய பொறுப்பு என்பது கெர்னல் உருவாக்குநர்களிடையே விவாதப் பொருளாக இருந்துள்ளது.