படத்தொகுப்புக் கணிப்பொறி: பணத்தை எதில் இடுவது?

கலியாணம், வளைகாப்பு முதலியவற்றைப் படம்பிடித்துத் தொகுத்துக் கொடுத்து நாலு காசு ஈட்ட விரும்பும் பிள்ளைகள் விஷ்ராந்த்வாடியில் நம்மவர் வீடுகளிலும் உளர். அதற்கான கணிப்பொறியைக் கடன்பட்டு வாங்கும் பெற்றோரை எண்ணியே இதனை எழுதுகின்றோம்.

புதவார் பேட்டின் தப்கீர் கல்லிக்குச் சென்று உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்து பூட்டச் செய்வதே நன்று. கண்ணாடிப் பெட்டியும் வண்ண விளக்கும் வேண்டா. அவை படத்தைத் தொகுக்கமாட்டா.

பிராசஸரில்தான் கருத்து வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம் மிகச் சுருக்கி அடைக்கப்பட்டது. கணந்தோறும் விரித்தால்தான் திரையில் ஓடும். இவ்வேலைக்கென்றே இன்டெல் நிறுவனம் 2011-இல் ‘குவிக் சிங்க்’ என்னும் அமைப்பைப் பிராசஸரின் கிராபிக்ஸ் பகுதியிலேயே வைத்தது. பெயரின் இறுதியில் ‘எப்’ என்ற எழுத்துடைய இன்டெல் பிராசஸர்களில் அப்பகுதி இயங்காது. விலை சற்றுக் குறைவென்று அதை வாங்கினால், தனிக் கிராபிக்ஸ் கார்டு இன்றித் திரையில் ஒன்றும் தோன்றாது. கடைக்காரர் கேட்டாலொழிய இதைச் சொல்வாரோ, அறியோம்!

ராம் 16 ஜி.பி.க்குக் குறையலாகாது, 8 ஜி.பி. இரண்டாக இட்டால் வேகம் கூடும். நடப்பு வேலைக்கு எஸ்.எஸ்.டி.யும், முடிந்தவற்றைச் சேமிக்கச் சாதாரண ஹார்டு டிஸ்கும் போதும். பெயரற்ற பவர் சப்ளையை மட்டும் தொடவேண்டா. அது கெட்டால் பிறவற்றையும் கெடுக்கக்கூடும்.

4கே படம் திணறினால் ‘பிராக்ஸி’ எனும் சிறு நகல்களை ஆக்கி, அவற்றில் வெட்டி ஒட்டி, முடிவில் மூலப்படத்தைக்கொண்டு வெளியிடலாம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே இதற்கு வழியுண்டு. அம்மென்பொருள் கிராபிக்ஸ் கார்டைப் பெரிதும் நாடுவது மெய்யே. எனினும், கார்டை இரண்டொரு கலியாணக் கூலி வந்தபின் வாங்கலாம். பவர் சப்ளையை மட்டும் அதற்கும் போதுமானதாக இப்பொழுதே தேர்க.

உறுப்புக்கு உறுப்பு உத்தரவாதக் காலம் வேறாதலின், பில்லில் ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதி வாங்குக.