அடிபட்ட வண்டி மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்து உள்கடன் பேச்சு வந்தது. ஒரு அக்கா எழுந்து, "எனக்கு 1,60,000 ரூபாய் வேணும். மகனுக்கு குட்டி யானை வாங்கணும்" என்று கேட்டார். மகன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு தக்காளி லோடு அடிக்கிறவர். அடுத்தவர் வண்டியில் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். சொந்த வண்டி இருந்தால் வாடகை வீட்டுக்கு வருமே என்ற ஆசை. நியாயமான ஆசைதான்.

பார்த்து வைத்திருந்தது 2016-ம் வருட வண்டி. அதே வருட வண்டி வெளியே 2,40,000-க்குப் போகிறது. "இது மட்டும் ஏன் 80,000 கம்மி?" என்று ஊக்குநர் கேட்டார். "முன்னாடி லேசா இடிச்சதாம். எல்லாம் சரி பண்ணிட்டாங்கன்னு புரோக்கர் சொன்னார்" என்றார் அந்த அக்கா.

உடனே கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "அடிபட்ட வண்டி ராசியில்லை, வேண்டாம்" என்றார்கள் சிலர். "கடனை அவங்கதானே கட்டப் போறாங்க, நமக்கென்ன" என்றார்கள் சிலர். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. லோடு வண்டி என்றால் எங்காவது உரசியிருக்கும், இடித்திருக்கும். எங்கே அடிபட்டது, எப்படிச் சரி செய்தார்கள், இனி எவ்வளவு செலவாகும் என்பதுதான் கேள்வி. தீர்மானத்தை ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டு, அந்த அக்கா, அவர் மகன், ஊக்குநர், நான், தெரிந்த மெக்கானிக் ஒருவர் என ஐந்து பேர் வண்டியைப் பார்க்கப் போனோம். விற்கிறவருக்கு வேண்டிய மெக்கானிக்கைக் கூட்டிப் போகக் கூடாது. 500 ரூபாய் கொடுத்தாலும் நம் ஆளாக இருக்க வேண்டும்.

காலையில் இன்ஜின் சூடாகும் முன் போனோம். சூடான இன்ஜின் எப்படியும் ஸ்டார்ட் ஆகிவிடும். அதை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. புகை நீலமாக வந்தால் இன்ஜினுக்குள் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். இந்த வண்டியில் இன்ஜின் நன்றாகவே இருந்தது. பெயின்டும் பளபளவென்று இருந்தது. அந்த அக்கா முகத்தில் சந்தோஷம்.

மெக்கானிக் பெயின்டைப் பார்க்கவே இல்லை. பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து கேபின் முழுக்க வைத்துப் பார்த்தார். தகடு இருக்கும் இடத்தில் ஒட்டியது. முன்பக்கம் ஓரிடத்தில் ஒட்டாமல் கீழே விழுந்தது. அங்கே தகட்டின் மேல் பட்டி கனமாகப் பூசி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். "இது பெரிய விஷயம் இல்லீங்க. தகரத்தை டிங்கர் தட்டிச் சரி பண்ணலாம், கதவை மாத்தலாம். கீழ பார்க்கணும்" என்று வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார்.

அடியில் இருப்பது சேசிஸ். வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. கேபின், இன்ஜின், லோடு எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. முன்பக்கம் இடது கம்பியில் வெட்டி வெல்டிங் வைத்த தழும்பு தெரிந்தது. டார்ச் அடித்து எங்களுக்கும் காட்டினார். பிறகு ஒரு நூலைப் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை இழுத்துப் பிடித்து, இரண்டு பக்கமும் அளந்தார். ஒரு பக்கம் இடைவெளி அதிகமாக இருந்தது. முன் டயரும் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. சமமான ரோட்டில் மெதுவாக ஓட்டி ஸ்டியரிங் பிடியைத் தளர்த்தியபோது வண்டி இடது பக்கம் இழுத்தது. "ஒரு டன் தக்காளியோட பிரேக் போட்டா இது எந்தப் பக்கம் போகும்னு சொல்ல முடியாதுக்கா" என்றார் மெக்கானிக். ஓட்டப் போகிற பிள்ளை பக்கத்தில்தான் நின்றிருந்தார். அம்மா மகனைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

தண்ணீரில் மூழ்கிய வண்டியும் அடிபட்ட வண்டி கணக்குதான். 2015-ல் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் வெள்ளத்தில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேறு படிந்த கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் துரு, ஈர வாடை, ஹெட்லைட் கண்ணாடிக்குள் நீர்ப்பூப்பு இருந்தாலும் சந்தேகப்படலாம்.

அடுத்தது காகிதம். நம் பெண்கள் பலர் இதை ஆண்களிடம் விட்டுவிடுகிறார்கள். கடன் நம் பெயரில் இருக்கும்போது காகிதத்தையும் நாம்தான் பார்க்க வேண்டும்.

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். நம்பர் இருக்கும் இடத்தில் தேய்த்த தடம் இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால் அதுவும் ஆர்.சி.யில் தெரியும். "கட்டி முடிச்சாச்சு" என்ற வாய்ச்சொல் போதாது. ஃபைனான்ஸ்காரர் கொடுக்கும் தடையில்லாச் சான்றும், அவர் கையெழுத்திட்ட 35-ம் நம்பர் படிவமும் வேண்டும். எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ் எதுவரை என்று தெரிந்துவிடும். பத்தாவது படிக்கிற பிள்ளையிடம் கொடுத்தாலே பார்த்துச் சொல்லும்.

இன்சூரன்ஸ் காகிதத்தில் 'நோ கிளெய்ம் போனஸ்' என்று ஒரு வரி உண்டு. முழு இன்சூரன்ஸ் போட்டு, இழப்பீடு கேட்காமல் ஒரு வருடம் ஓட்டினால் 20 சதவீதம், தொடர்ந்து கேட்காவிட்டால் 50 வரை தள்ளுபடி தருவார்கள். பழைய வண்டிக்கு அது பூஜ்யமாக இருந்தால், போன வருடம் பெரிய செலவு நடந்ததா என்று கேளுங்கள். வேறு காரணமும் இருக்கலாம், ஆனாலும் கேட்கலாம்.

விபத்தில் ஆளுக்கு அடிபட்டிருந்தால் போலீஸ் வழக்கு இருக்கும். கோர்ட்டிலிருந்து வண்டியை எடுக்கும்போது, வழக்கு முடியும் வரை விற்க மாட்டேன் என்று எழுதி வாங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியை வாங்கினால் சிக்கல் நம் தலையில். வழக்கு முடிந்த காகிதத்தைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

திரும்பி வந்து டீக்கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வண்டி விலை 1,60,000. சேசிஸ் வேலைக்கு மெக்கானிக் சொன்னது 35,000. இரண்டு டயர் 9,000. எஃப்.சி. முடிந்து கிடந்தது, அதற்கான வேலையோடு 22,000. (எட்டு வருடம் தாண்டிய லோடு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும்.) இன்சூரன்ஸ் 20,000. பெயர் மாற்றச் செலவு 6,000. மொத்தம் 2,52,000. அடிபடாத வண்டியே 2,40,000 தானே! அதற்கும் பெயர் மாற்றம் 6,000 சேர்த்தால் 2,46,000. இவ்வளவு செலவு செய்தாலும் வெட்டி ஒட்டிய சேசிஸ் புதிதாகிவிடுமா?

இன்னொன்றும் இருக்கிறது. குழுவில் கேட்டது 1,60,000 மட்டும். மீதி 92,000-க்கு எங்கே போவது? கழுத்தில் கிடப்பதை அடகு வைக்க வேண்டும், இல்லையென்றால் வட்டிக்காரரிடம் போக வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் வண்டி நிற்கிற மாதத்திலும் குழுத் தவணை நிற்காது. இப்படி வீட்டு வாசலில் வண்டி நிற்க, கூலிக்குப் போய்த் தவணை கட்டிய ஓர் உறுப்பினரை எனக்குத் தெரியும்.

அந்த வண்டி வேண்டாம் என்று முடிவானது. மூன்று வாரம் கழித்து இன்னொரு வண்டி வந்தது. அதுவும் அடிபட்டதுதான். பின்னால் லாரி இடித்து லோடு பாடியும் பின்கதவும் மாற்றியிருந்தார்கள். உடைமையாளர் மறைக்காமல் பில்லையே எடுத்துக் காட்டினார். சேசிஸ் நேராக இருந்தது, நூல் இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்டியது. எஃப்.சி.யும் இன்சூரன்ஸும் நடப்பில் இருந்தன. பேசி 2,05,000-க்கு முடித்தார்கள். குழு 1,60,000 கொடுத்தது. மகனின் சேமிப்பும், ஒரு கன்றுக்குட்டி விற்ற பணமும் சேர்ந்தது.

குழு ஒரு நிபந்தனை போட்டது: ஆர்.சி. அந்த அக்கா பெயரில்தான் மாற வேண்டும். முதலில் மகனுக்குக் கொஞ்சம் வருத்தம், பிறகு ஒத்துக்கொண்டார். 29, 30 படிவங்களில் வெறும் கையெழுத்து வாங்கி புரோக்கர் கையில் விடாமல், எல்லாவற்றையும் பூர்த்தி செய்து விற்றவரோடு சேர்ந்தே கொடுத்தோம். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கும், 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் பழையவர் பெயரிலேயே இருந்தால், நாளைக்கு நம் வண்டி சேதமானால் நமக்கு இழப்பீடு மறுக்கப்படலாம்.

முதல் வண்டியின் புரோக்கர் இன்னும் போன் செய்கிறாராம், "1,40,000-க்குத் தர்றேன்" என்று. வேறு குழுவில் யாருக்காவது அந்த வண்டி வந்தால் அடியில் படுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கடன் மனு வைக்கும் முன்பே எனக்குச் சொன்னால், மெக்கானிக்கோடு நானும் வருகிறேன்.