கிராபிக்ஸ் கார்டு புதிது. மதர்போர்டு ஏன் கொதிக்கிறது?

சென்ற மே மாதம் என் தம்பி, பல மாதங்களாகச் சேர்த்த பணத்தில் தன் பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டினான். முதல் இருபது நிமிடங்கள் கேம் அருமையாக ஓடியது. பிறகு படம் விட்டு விட்டு நகர ஆரம்பித்தது. "கார்டில் பழுது, கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்று பெட்டியைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

கொஞ்சம் பொறு என்று சொல்லி, ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச புரோகிராமை இயக்கிப் பார்த்தேன். கிராபிக்ஸ் கார்டு 72 டிகிரி, பிராசசர் 78 டிகிரி. இரண்டும் பயப்படும் அளவு இல்லை. ஆனால் வி.ஆர்.எம். என்ற வரியில் 110 டிகிரி! பிராசசரின் வேகம் 4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 800 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கியிருந்தது.

அது என்ன வி.ஆர்.எம்.? பவர் சப்ளை பிராசசருக்காக அனுப்புவது 12 வோல்ட். பிராசசருக்குத் தேவையோ ஏறக்குறைய 1 வோல்ட்தான். இப்படிக் குறைத்துத் தரும் சிறு பாகங்கள் மதர்போர்டில் பிராசசருக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. இந்த வேலையில் கொஞ்சம் மின்சாரம் வெப்பமாக வீணாகும். விலை குறைந்த பல போர்டுகளில் இவற்றின் மேல் ஹீட் சிங்க் இருக்காது. சூடு எல்லை மீறினால், பாதுகாப்புக்காகப் பிராசசரின் வேகம் குறைக்கப்படும்.

சரி, கார்டு மாட்டியதும் ஏன் இது நடக்கிறது? காரணங்கள் இரண்டு. கார்டு எடுக்கும் மின்சாரம் அனேகமாக முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. ஸ்லாட் வழியாக 75 வாட்ஸ் வரையும், 8 பின் கேபிள் இருந்தால் அதன் வழியாக 150 வாட்ஸ் வரையும் கார்டு எடுக்கலாம். பெரும்பாலான கார்டுகளின் ஃபேன்கள் இந்தச் சூட்டைக் கேபினட்டுக்குள்ளேயே தள்ளுகின்றன. அடுத்தது, கார்டு வேகமானால் பிராசசரும் அதற்கு ஈடுகொடுத்து உழைக்க வேண்டும். அப்போது வி.ஆர்.எம். சுமையும் கூடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றுங்கள். மீண்டும் இயக்கி அதே கேமை அரை மணி நேரம் ஓட்டுங்கள். உள்ளே கை வைக்காதீர்கள். சூடு நன்றாகக் குறைந்தால் குறை கார்டில் இல்லை, காற்றோட்டத்தில்தான். சில போர்டுகளில் வி.ஆர்.எம். சூட்டைக் காட்டும் சென்சார் இருக்காது. அப்படியானால் பிராசசர் வேகம் திடீரென விழுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

எங்களுக்கு 110 டிகிரி 88 ஆனது. கேபினட் இருந்த இடம்தான் வில்லன். கம்ப்யூட்டர் மேஜையின் மூடிய அறைக்குள் சுவரோடு ஒட்டி வைத்திருந்தோம். வெளியே வந்த சூடான காற்றையே அது மீண்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

நாங்கள் செய்தவை இவ்வளவுதான். கேபினட்டை மேஜைக்கு வெளியே வைத்தோம். தூசியைத் துடைத்தோம். காற்றை உள்ளே இழுக்க முன்பக்கம் ஒரு ஃபேன் மாட்டினோம். பின்பக்க ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறதா என்று சரிபார்த்தோம். கேம் செட்டிங்ஸில் வேகத்தை வினாடிக்கு 60 ஃபிரேம் என்று கட்டுப்படுத்தினோம். கடைசியாகச் சொன்னதற்குச் செலவே இல்லை. ஆனால் கார்டு, பிராசசர் இரண்டின் உழைப்பும் குறையும்.

மூடி திறந்திருந்தும் சூடு குறையவில்லை என்றால் அந்தப் போர்டுக்கு அந்தப் பிராசசரே அதிகச் சுமை என்று கொள்ளலாம்.

தம்பியின் கார்டு இன்றும் நன்றாக ஓடுகிறது. அதன் பெட்டி பரணுக்குப் போய்விட்டது.