மத்திய அதிகாரமும் மாநில உரிமையும்: உள்நாட்டுப் போர் மூள்வது எப்போது?

தஞ்சோங் மாலிம் நகரின் தென்னெல்லையில் பெர்னாம் ஆறு ஓடுகிறது. பாலத்தின் இக்கரை பேராக், அக்கரை சிலாங்கூர். இக்கரையில் நிலம் உடையவர் நிலவரியைப் பேராக்குக்குக் கட்டுகிறார். அக்கரையில், ஊலு பெர்னாமில், நிலம் உடையவர் சிலாங்கூருக்குக் கட்டுகிறார். சுல்தான் பிறந்தநாள் விடுமுறைகூட இரு கரைக்கும் வெவ்வேறு நாளில் வரும். ஒரு கரையில் குடியிருந்து மறுகரைப் பள்ளியில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தியன்று. நாம் இத்துணை எளிதாகக் கடந்துபோகும் இந்த ஆறு, சற்றேறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு போரில் கட்சி சேர்ந்த ஆறு. சிலாங்கூரின் அந்த உள்நாட்டுப் போரை வரலாற்றாசிரியர் ‘கிள்ளான் போர்’ என வழங்குவர்.

மத்திய ஆட்சிக்கும் அதன் பகுதிகளுக்கும் அதிகாரப் பூசல் எழாத நாடு உலகில் இல்லை. ஆனால், பூசல் எழுந்த நாடுகளிலெல்லாம் போர் மூண்டதும் இல்லை. ஆகவே, ‘அதிகாரப் பகிர்வுத் தகராறே உள்நாட்டுப் போருக்குக் காரணம்’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மையே. மறுபாதி, அத்தகராற்றைக் கொண்டுபோய்த் தீர்த்துக்கொள்ள இரு தரத்தாரும் நம்பும் ஒரு நடுவிடம் இருந்ததா, இருந்தது மூடப்பட்டதா என்பதில் அடங்கியிருக்கிறது. இதனை நம் அருகிலுள்ள வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம்.

அக்காலச் சிலாங்கூர் பெயருக்குத்தான் ஒரு நாடு. உண்மையில் அது ஐந்து ஆறுகளின் தொகுதி: பெர்னாம், சிலாங்கூர், கிள்ளான், லங்காட், லூக்குட். ஒவ்வோர் ஆற்றையும் அரச குலத்தைச் சேர்ந்த ஒரு ராஜா ஆண்டுவந்தார். அன்று சாலைகள் இல்லை. ஈயமும் அரிசியும் அபினும் ஆற்றுவழியேதான் வந்துபோகவேண்டும். ஆகவே ஆற்றின் முகத்துவாரத்தில் கோட்டை கட்டி அமர்ந்தவர் கையில் உள்நாட்டின் வருவாய் முழுவதும் சிக்கியது. சுல்தான் மற்றை ராஜாக்களுக்கு மேலானவர்தாம். ஆயினும் அவர் கைக்குச் சேர்ந்தது அவரவர் மனமுவந்து அனுப்பிய பங்கு மாத்திரமே. மத்திய அதிகாரம் என்பது மரியாதையாக இருந்தது, வரியாக இல்லை.

கிள்ளானை முன்பு ஆண்டவர் ராஜா சுலைமான். அவர் மறைந்தபின் அவர் மகன் ராஜா மஹ்டிக்கு அப்பகுதி வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால், மஹ்டியின் பாட்டனாரான சுல்தான் முகம்மது அதனை ராஜா அப்துல்லாவுக்குக் கொடுத்துவிட்டார். 1866-இல் அப்துல்லா கிள்ளானின் வரி வசூலை டபிள்யூ. எச். ரீட் என்னும் சிங்கப்பூர் வணிகருக்கும் அவருடைய சீனக் கூட்டாளிக்கும் குத்தகைக்கு விட்டார். அரச குலத்தவனாகிய நான், தன் அபினுக்கு ஒரு குத்தகைக்காரனுக்கு வரி கட்டுவதா என்று மஹ்டி மறுத்தார். 1867-இல் கிள்ளான் கோட்டையையும் கைப்பற்றினார். தொடக்கத்தில் சுல்தான் அப்துல் சமது இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதந்தோறும் 500 வெள்ளி அனுப்புவதாகச் சொன்ன மஹ்டி அதனை நிறுத்தியபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது. சுல்தானின் மகளுக்கும் மஹ்டிக்கும் நிச்சயமாகியிருந்த திருமணம் முறிந்தது.

அந்தப் பெண்ணை 1868-இல் மணந்தவர் கெடா சுல்தானின் சகோதரர் தெங்கு கூடின். சுல்தான் மருமகனைத் தம் பிரதிநிதியாக நியமித்து ஓர் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். இந்தப் பத்திரந்தான் கதையின் முடிச்சு. ‘நாட்டை’ ஒப்படைப்பதாக அதில் இருந்தது. எந்த நாட்டை? சுல்தான் தங்கியிருந்த லங்காட்டையா, சிலாங்கூர் முழுவதையுமா? முழுவதையும் என்றார் கூடின். அவ்வாறு இருக்க முடியாது என்றனர் ஆற்று ராஜாக்கள். சுல்தானின் பிள்ளைகளும் அவர்களோடு சேர்ந்துகொண்டனர். கூடின் முதலில் சமாதானம் பேசத்தான் போனார். நீ இந்நாட்டானல்லன், உனக்கு இதில் என்ன பேச்சு என்று மஹ்டி அவரைத் தள்ளிவிட்டார். கூடின், இறந்துபோன அப்துல்லாவின் மகன் ராஜா இஸ்மாயிலின் பக்கம் சேர்ந்தார். நடுவராக வந்தவர் கட்சிக்காரரானார். 1870-இல் கிள்ளானை இழந்த மஹ்டி, கோலாசிலாங்கூரைப் பிடித்துக்கொண்டார். பெர்னாமை ஆண்ட ராஜா ஹித்தாமும் சையது மஷ்ஹூரும் அவர் பக்கம் நின்றனர்.

பத்திரத்திற்குப் பொருள் சொல்லும் நீதிமன்றம் ஒன்று அன்று இருந்திருந்தால் வழக்கு எத்தனை நாள் நடந்திருக்கும்? ஒரு சொல்லின் பொருளைப்பற்றிய வழக்கு அது. நம் புலவர் பெருமக்கள் ஒரு பாடபேதத்திற்காக நடத்தும் வாதத்தைக் காட்டிலும் சிறியதாகவே முடிந்திருக்கக்கூடும். அத்தகைய மன்றம் இல்லாமையால் பொருள் சொல்லும் பொறுப்பு வெளியாரிடம் சென்றது. 1871 ஜூலையில் ‘ரினால்டோ’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கோலாசிலாங்கூரைத் தாக்கியது. அதைத் தொடர்ந்து ஆங்கில அதிகாரிகள் லங்காட்டுக்குச் சென்று, கூடினுக்கே அதிகாரம் என்று சுல்தானை உறுதிசெய்ய வைத்தனர். பத்திரத்தின் உரையாசிரியர் பீரங்கிக் கப்பல்!

இதனாலும் போர் ஓயவில்லை. ஈயச் சுரங்கச் சீனர்களும் இரு கட்சியாகப் பிரிந்தனர். கப்பித்தான் யாப் ஆ லோய் கூடின் பக்கம் நின்றார். 1872-இல் கோலாலம்பூர் மஹ்டி கட்சியாரிடம் விழுந்தது. பகாங்கிலிருந்து வந்த படையின் துணையோடு 1873-இல் கூடின் கட்சி அதை மீட்டது. அவ்வாண்டின் இறுதியில் கோலாசிலாங்கூரும் மீண்டது. வென்றவர் யார் என்று பார்த்தால் வியப்பாயிருக்கும். மஹ்டி நாடிழந்தார், கூடின் சில ஆண்டுகளில் பதவி துறந்து வெளியேறினார். கூடினுக்குப் பண உதவி செய்த வழக்கறிஞர் டேவிட்சன் சிலாங்கூரின் முதல் ரெசிடெண்டானார்! வரி இனி எந்த ராஜாவுக்கும் சொந்தமில்லை என்றாயிற்று. பேராக்கிலும் 1874-ஆம் ஆண்டுப் பங்கோர் ஒப்பந்தத்தின்பின் இதே வரிப் பிரச்சினை எழுந்தது. 1875 நவம்பர் 2-ஆம் நாள் பாசீர் சாலாக்கில் ரெசிடெண்ட் பர்ச் கொல்லப்பட்டதற்கு, தலைவர்களின் வரியுரிமையில் அவர் கைவைத்ததும் ஒரு முதன்மையான காரணம்.

நிற்க. அமெரிக்க உள்நாட்டுப் போரை மாநில உரிமைப் போருக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவோர் பலர். அக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. 1860-61-இல் பிரிந்துபோன தென்மாநிலங்கள் சிலவற்றின் பிரகடனங்களே அடிமைமுறையைக் காப்பதுதான் நோக்கமென வெளிப்படையாகக் கூறுகின்றன. ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துத் தர மத்திய அரசாங்கம் வலிமையாயிருக்கவேண்டும் என்று 1850-இல் வற்புறுத்தியவர்களும் அவர்களே. அங்கு உச்ச நீதிமன்றம் இருந்தது என்பதும் மெய். ஆனால், கறுப்பின மக்கள் குடிமக்களே அல்லர் என்று 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில் அது தீர்ப்புரைத்தபோது, நடுவிடம் என்ற நம்பிக்கையை வடக்கில் இழந்துவிட்டது. நீதிமன்றம் இருந்தால் மட்டும் போதாது. தோற்பவனும் நாளை அதே படியை மீண்டும் மிதிக்கலாம் என்று எண்ணவேண்டும்.

நம் நாட்டில் பூசல் போராகாமற்போன வரலாறும் உண்டு. 1896-இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் ஓர் இணைப்பாட்சியின்கீழ் வந்தன. நாளடைவில் அதிகாரமெல்லாம் கோலாலம்பூரில் குவிந்தது. 1903-இல் அங்கே நடந்த ஆட்சியாளர் மாநாட்டில் பேராக் சுல்தான் இத்ரீஸ் எழுந்து, அந்தந்த மாநிலக் காரியத்தை அந்தந்த மாநிலமே கவனிக்கவேண்டும் என்றும், ஒரு நாட்டுக்கு நான்கு ஆட்சியாளர் இருத்தல் பொருந்தாது என்றும் எல்லாரும் அறியக் கூறினார். 1922-இல் தஞ்சோங் மாலிமில் தோன்றிய ஆசிரியர் கல்லூரி அவர் பெயரையே தாங்கிற்று; இன்று அது சுல்தான் இத்ரீஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். அவர் முறையீட்டுக்கு உடனே பயன் கிட்டவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1909-இல் அமைந்த இணைப்பாட்சி மன்றம், மாநில மன்றங்களை இன்னும் சுருக்கிவிட்டது.

1957-ஆம் ஆண்டு அரசியற் சட்டம் மத்திய அதிகாரம் எது, மாநில அதிகாரம் எது, இருவர்க்கும் பொது எது எனப் பட்டியலிட்டது. நிலம் மாநிலத்திற்கு என்றது. பட்டியலைவிட முக்கியமானது, தகராறு வந்தால் உச்ச நீதிமன்றம் தீர்க்கும் என்று எழுதியதே. 1963 செப்டம்பரில், மலேசியா பிறப்பதற்குச் சில நாட்களே இருந்தபோது, எதிர்க்கட்சி ஆண்ட கிளந்தான் மாநிலம் மலேசியச் சட்டம் செல்லாது என்று வழக்குத் தொடுத்தது. தலைமை நீதிபதி தாம்சன் செப்டம்பர் 14-ஆம் நாள் அதனைத் தள்ளினார். 16-ஆம் நாள் மலேசியா பிறந்தது. கிளந்தான் தோற்றது, ஆனால், கோட்டை கட்டவில்லை. 1966-இல் சரவாக் முதலமைச்சர் ஸ்டீபன் காலோங் நிங்கான் பதவி நீக்கப்பட்டபோது மாநில உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மத்திய அரசாங்கமோ அவசரநிலை அறிவித்து அரசியற் சட்டத்தையே திருத்தி அவரை நீக்கிற்று. அது நேர்மையான வெற்றி என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் அவரும் பிரிவி கவுன்சில் வரை வழக்காடினார்.

இனி, பேராக்கில் பிறந்த ஒருவரின் கதையைப் பார்ப்போம். 1898 மார்ச் 31-ஆம் நாள் ஈப்போவில் பிறந்து, சிறு பிராயத்திலேயே யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்குச் சென்றவர் எஸ். ஜே. வே. செல்வநாயகம். தொழிலால் வழக்கறிஞர், 1949-இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியை நிறுவியவர். கட்சியின் ஆங்கிலப் பெயர் ‘சமஷ்டிக் கட்சி’ என்று பொருள்படும். தமிழ்ப் பெயரோ ‘தமிழரசு’ என்றது. இரண்டையும் அருகருகே வைத்து, இது தனியரசுதான் என்று சிங்கள எதிர்ப்பாளர் வாதித்தனர். கிள்ளான் போரில் ‘நாடு’ என்ற சொல் பட்ட பாட்டை இங்கே ‘அரசு’ என்ற சொல் பட்டது.

1956-இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. 1957 ஜூலை 26-ஆம் நாள் பிரதமர் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதில் சமஷ்டி இல்லை. செல்வநாயகம் அதிலிருந்து இறங்கிவந்திருந்தார். வேளாண்மை, கூட்டுறவு, நிலமும் குடியேற்றமும், கல்வி, சுகாதாரம் முதலியவற்றில் பிரதேச சபைகளுக்கு நாடாளுமன்றம் அதிகாரம் வழங்கும் என்பதே சாரம். 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் இல்லத்தின் முன் அமர்ந்து எதிர்க்க, அவர் உடன்படிக்கையைக் கைவிட்டார். அடுத்த மாதமே இனக்கலவரம் வெடித்தது. 1965-இல் டட்லி சேனநாயக்காவுடன் ஏற்பட்ட உடன்பாடும் மாவட்ட சபை மசோதா கைவிடப்பட்டதோடு மடிந்தது.

இவற்றைப் பலரும் எழுதியிருக்கின்றனர். அவ்வளவாகப் பேசப்படாதது கோடீஸ்வரன் வழக்கு. சிங்களத் தேர்வு எழுதாமையால் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட அரசாங்க எழுத்தர் அவர். சிறுபான்மையினருக்கு எதிராகப் பாகுபாடு செய்யும் சட்டங்களைச் செல்லாதனவாக்கும் 29-ஆம் பிரிவைக் காட்டி வழக்காடினார். 1964-இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். மேல்முறையீட்டில், அரசாங்க ஊழியர் சம்பளத்திற்காக அரசின்மீது வழக்குத் தொடுக்க இயலாது என்று தோற்றார். 1969-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் இயலும் என்று கூறி, மூல வினாவை ஆராயும்படி வழக்கைத் திருப்பியனுப்பிற்று. அந்த வினாவுக்கு விடை வரவேயில்லை. 1971-இல் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யும் வழி அடைக்கப்பட்டது. 1972 மே 22-ஆம் நாள் வந்த குடியரசு அரசியற் சட்டம் நாட்டை ஒற்றையாட்சி என்று எழுதிக்கொண்டது. 29-ஆம் பிரிவு அதில் இல்லை. ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே நீதிபதியையும் சட்டப் புத்தகத்தையும் சேர்த்து அப்புறப்படுத்தியது போலாயிற்று.

செல்வநாயகம் அப்போதும் மக்களையே நடுவராக்க முயன்றார். 1972-இல் தம் காங்கேசன்துறைத் தொகுதியைத் துறந்து, புதிய சட்டத்தை மக்கள் ஏற்கின்றனரா என்று இடைத்தேர்தலில் பார்த்துவிடலாம் என்றார். தேர்தல் 1975 பிப்ரவரியில்தான் நடந்தது, பெருவாரியாக வென்றார். 1976-இல் வட்டுக்கோட்டையில் தனியரசுத் தீர்மானம் நிறைவேறிற்று. 1977 ஏப்ரலில் அவர் காலமானார். அதற்குள் இளைஞர் கைகளில் துப்பாக்கி வந்துவிட்டது. 1983 ஜூலைப் படுகொலைகளை அடுத்து ஆகஸ்டில் வந்த ஆறாவது திருத்தம், பிரிவினையை ஆதரிப்பதில்லை என்ற உறுதிமொழியை வற்புறுத்தியது. தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் நாடாளுமன்ற இடங்களை இழந்தனர். எஞ்சியிருந்த ஒரு மன்றக் கதவும் சாத்தப்பட்டது. போர் 2009 மே மாதம் வரை நீண்டது.

போர்க்களத்தின் நடுவே 1987-இல் எழுதப்பட்ட பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைகளை அமைத்தது. நிலத்தையும் காவல்துறையையும் மாகாணப் பட்டியலில் சேர்த்தது. வடமாகாணத்திற்கெனத் தனிச் சபைத் தேர்தல் முதன்முதலாக நடந்தது 2013 செப்டம்பரில். அச்சபை தன் ஐந்தாண்டுக் காலத்தை முடித்துக் கலைந்தபோதும் காவல்துறை அதிகாரம் அதன் கைக்கு வந்திருக்கவில்லை. 1957-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் பேசப்பட்ட நிலக் குடியேற்றத்திலும் முடிவு சொல்லும் உரிமை கொழும்பிலேயே இருந்தது.